அடிவயிற்றைக் காட்டாத ஜீப்

பழைய தார், ஜிப்சி, மேஜர் ஜீப் என்று ஏதாவது விலைக்கு வந்தால் நண்பர்கள் எனக்கு முன்பக்கப் போட்டோவைத்தான் அனுப்புகிறார்கள். பெரிய டயர், பம்பரில் வின்ச், கூரைமேல் வரிசையாக விளக்கு. அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால், "வண்டி சூப்பர் கண்டிஷன் சார், சிங்கிள் ஓனர்" என்று விற்பவரிடமிருந்து பதில் மட்டும் வரும்.

இந்த வண்டிகளில் பாடி வேறு, சேசிஸ் வேறு. கதவு, ஃபெண்டர், தரைத்தகடு எது உளுத்துப்போனாலும் டிங்கர் வெட்டி எடுத்துவிட்டு வேறு தகடு வைத்துவிடுவார், செலவோடு போகும். சேசிஸ் போனால் வண்டியே போனது. இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் அந்தச் சட்டங்கள் பெரும்பாலும் உள்ளே கூடானவை. ஓடையில் இறக்கி ஏற்றும்போது சேறும் உள்ளே போகும். நீர் வடிய விட்டிருக்கும் துளைகளைச் சேறே அடைத்துவிட்டால், வெளியே காய்ந்த பிறகும் உள்ளே ஈரம் நிற்கும். துரு உள்ளிருந்து தின்றுகொண்டே வரும். வெளியே நம் கண்ணுக்குத் தெரியும்போது உள்ளே தகடு மெலிந்திருக்கும்.

அதனால் எந்த வருஷ மாடல் என்று கேட்பதற்கு முன், எந்த ஊரில் ஓடியது என்று கேளுங்கள். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கும் முன், தனுஷ்கோடிக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகளும் வேன்களும் மணலிலும் கடல்நீரிலும்தான் ஓடின. அவற்றின் அடிப்பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு உப்பின் வேலை என்னவென்று சொல்லவேண்டியதில்லை. இப்போது ரீல்ஸுக்காகக் கடற்கரையில் அலைக்குள் வண்டியை விட்டு, கழுவாமல் வீட்டுக்கு ஓட்டிப்போகிறவர்களும் அதே வேலையைத்தான் செய்கிறார்கள். மலை வண்டி என்றால் நிம்மதி என்று நினைக்கவேண்டாம். போடி, கம்பம் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆளோடு உர மூட்டையும் ஏறும். பொட்டாஷும் ஒரு உப்புதான். சிந்தியது ரப்பர் மேட்டுக்கு அடியில் போய் மழை ஈரத்தோடு சேர்ந்தால் தரைத்தகடு தாங்காது. சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கே நின்றது என்று விசாரியுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் வண்டல் கறை தெரியலாம். சீட்டின் அடியில் ஓடும் தண்டவாளத்தில் துரு ஏறியிருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

பிறகு வாட்டர் சர்வீஸ் ரேம்ப்பில் ஏற்றச் சொல்லுங்கள். சிறு சுத்தியல், ஸ்குரு டிரைவர், துணி சுற்றிய காந்தம் இருந்தால் போதும். தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல சட்டத்தை நெடுகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். உளுத்த இடம் 'டொப்' என்று அமுங்கும். அங்கே ஸ்குரு டிரைவரை வைத்து அழுத்துங்கள். செந்தூள் மட்டும் உதிர்ந்தால் மேல்துரு, தேய்த்துப் பெயின்ட் அடிக்கலாம். செதில் செதிலாகப் பெயர்ந்தாலோ முனை உள்ளே இறங்கினாலோ பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். லீஃப் ஸ்பிரிங் சட்டத்தோடு சேரும் இடம், பாடி உட்காரும் ரப்பர் புஷ்கள், ஸ்டீயரிங் பாக்ஸைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் சுற்றுப்புறம் ஆகிய மூன்றையும் அவசரப்படாமல் பாருங்கள். ஓட்டத்தில் விட்டுப்போனால் உயிரோடு விளையாடும் இடங்கள் இவை. கதவின் கீழ்விளிம்பிலும் பின்சக்கர வளைவிலும் காந்தம் ஒட்டாமல் நழுவினால் உள்ளே இருப்பது தகடல்ல, பட்டி.

துருவைப் பார்த்து நான் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. விற்பதற்கு முந்தின வாரம் பளபளவென்று அடித்த கறுப்புக் கோட்டிங்கைப் பார்த்தால்தான் பயம். நட்டு, போல்ட்டு, பிரேக் குழாய் என்று பார்க்காமல் எல்லாவற்றின்மீதும் ஒரே கறுப்பாக அப்பியிருந்தால், எதையோ மூடியிருக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வேன். சேசிஸில் ஒட்டு வெல்டிங் இருந்தாலும் அப்படித்தான். வெல்டிங் சூட்டில் உட்பக்கப் பெயின்ட் எரிந்துபோகும். ஒட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த துரு கிளம்பும்.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சட்டத்தில் பொறித்த சேசிஸ் எண்ணைக் கையால் துடைத்துப் படித்துப் பாருங்கள். என்.ஓ.சி. விண்ணப்பத்துக்கு அந்த எண்ணைப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து ஒட்டவேண்டும். சொந்த வண்டிக்கு 15 வருஷம் முடிந்தால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆய்வுக்கும் போகவேண்டும். எண்ணைத் துரு தின்றிருந்தால் அங்கே படும் பாடு வண்டி வாங்கியவருடையது, விற்றவருடையது அல்ல.

நேர்மையாகத் துரு தெரிகிற வண்டிக்கு விலையைக் குறைத்துப் பேசி வாங்கலாம். ரேம்ப்பில் ஏற்ற மறுப்பவரிடம் டோக்கன் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.