கொட்டகையில் நிற்கும் வில்வண்டி

போன மாதம் எங்கள் பங்காளிகள் கூடிப் பேசினோம். பெரிய வீட்டு ஓடு ஒழுகுகிறது, இரண்டாங்கட்டுச் சுவரில் விரிசல் என்று ஆரம்பித்த பேச்சு, கடைசியில் வண்டிக் கொட்டகையில் நிற்கும் வில்வண்டியில் வந்து நின்றது. ஓட்டல்காரர் ஒருவர் நல்ல விலை கேட்கிறாராம். முகப்பில் நிறுத்திப் பூந்தொட்டி வைப்பாராம். "சும்மாதானே கிடக்கு அண்ணே" என்றார் தம்பி முறையுள்ள ஒருவர். எல்லோரும் சம்மதித்தார்கள். நான் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று அங்கே கோவையாகச் சொல்ல வரவில்லை, இங்கே சொல்கிறேன்.

சும்மா கிடப்பதுதான் வண்டிக்கு நோயே. சக்கரம் என்பது ஒரே கட்டை அல்ல. நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், அவற்றின் தலையில் வட்டைத் துண்டுகள். வட்டைக்கு இரண்டு ஆரக்கால். இத்தனையையும் சுற்றி இறுக்குவது இரும்புப் பட்டை. அதைப் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள்; சுருங்கிக் கவ்விக்கொள்ளும். ஓடாமல் வருஷக்கணக்கில் நிழலில் நின்றால் மரம் உலர்ந்து சுருங்கும், பட்டை தளரும், ஆரக்கால் ஆடும். எங்கள் ஐயா காலத்தில் கோடையில் சக்கரங்களைக் கழற்றிக் கண்மாய்த் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். (ஊருணியில் போட்டால் அப்பத்தா விட மாட்டார்கள், அது குடிக்கிற தண்ணீர்.) விளக்கெண்ணெயில் வைக்கோல் சாம்பலைக் குழைத்த மையை மூங்கில் குழாயில் வைத்திருந்து அச்சுக்கு இடுவது என் வேலை. சட்டையெல்லாம் கறுப்பாகி ஆத்தாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

அந்த வண்டியில்தான் குன்றக்குடிக்குப் போவோம். காரைக்குடியிலிருந்து பத்து கிலோமீட்டர்தான், ஆனால் விடியுமுன் கிளம்புவோம். உள்ளே வைக்கோல் பரப்பி ஜமக்காளம் விரித்திருக்கும். வழியில் அக்கம்பக்கத்து ஊர் வண்டிகள் ஒவ்வொன்றாகச் சேரும். கோவிலை நெருங்கும்போது முன்னும் பின்னும் வண்டிதான். மரத்தடியில் மாட்டை அவிழ்த்துவிட்டுப் பெரியவர்கள் முதலில் செய்வது அடுத்தவர் வண்டியைச் சுற்றிப் பார்ப்பது. யார் வில்லில் துரு, யார் கடையாணி புதுசு, எந்த ஊர் ஆசாரி வேலை என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

இதே பேச்சை அமெரிக்காவில் கேட்டேன். மகனிடம் போயிருந்தபோது ஒரு மைதானத்துக்கு அழைத்துப் போனான். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் பழைய அலுமினிய வீட்டு வண்டிகள், ஏர்ஸ்ட்ரீம் என்று பெயர். அந்தக் கம்பெனியை ஆரம்பித்த வாலி பயம் என்பவர் 1959-ல் கேப்டவுனிலிருந்து கெய்ரோவுக்கு இப்படிப்பட்ட வண்டிகளை வரிசையாகக் கூட்டிப் போனவர். என் வயசுக்காரர்கள் குனிந்து அடுத்தவர் வண்டியின் அடித்தளத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராத்திரி அதிலேயேதான் படுக்கிறார்கள். யாரும் பூந்தொட்டி வைக்கவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? ஆடியில் அழகர்கோவிலுக்குப் போய்ப் பாருங்கள். கமுதிப் பக்கத்து ஜனங்கள் இன்றைக்கும் கூண்டு வண்டி கட்டி, வழியில் தங்கித் தங்கி வந்து சேருகிறார்கள். அவர்கள் நம்மைவிடப் பணக்காரர்கள் அல்ல.

"மாடு எங்கே?" என்பார்கள். நம்மிடம் இல்லைதான். நம் ஜில்லாவில் பந்தயம் விடுகிறவர்களிடம் இருக்கிறது. பந்தய வண்டி வேறு, வில்வண்டி வேறு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று நாம் கேலி செய்யும் அவர்களால்தான் மாடும், லாடம் அடிப்பவரும், வண்டி ஆசாரியும் இங்கே மிச்சம் இருக்கிறார்கள்.

முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் வண்டிச் சக்கரம் விற்கிறதே என்று கடைக்காரர்களைத் திட்டுவது சுலபம். விற்றது யார்? 1994-ல் எங்கள் பார வண்டியை விறகு விலைக்குக் கொடுத்தபோது முதல் கையெழுத்து என்னுடையது. சில வருஷம் கழித்து ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேல் சங்கிலியில் ஒரு சக்கரம் தொங்கியது, ஆரக்காலுக்கு ஒரு பல்பு. எங்களுடையதுதானா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. இலையில் வைத்ததைச் சாப்பிட முடியவில்லை.

பங்காளிகளிடம் தைப்பூசம் வரை தவணை கேட்டிருக்கிறேன். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். குன்றக்குடிக்கு ஒரு முறை ஓட்டிக் காட்டுகிறேன், அப்புறம் பேசுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆசாரி வந்து பார்த்தார். வட்டையில் இரண்டு துண்டு மாற்ற வேண்டும், நாட்டுக் கருவேல் தேடிக்கொண்டிருக்கிறோம். சீமைக் கருவேல் வேண்டாம். உங்கள் கொட்டகையிலும் ஒரு வண்டி நின்றால் சொல்லி அனுப்புங்கள். சக்கரம் இரண்டும் இப்போது கண்மாயில் ஊறுகின்றன.