13 மேட்ச்சுக்கு எதுக்குடே எட்டு டிஃபெண்டர்?

பத்மநாபபுரம் கோட்டைச் சுவரைத் தாண்டி தக்கலைப் பக்கம் வந்தால், ஃபுட்பால் ரசிகர்கள் ரெண்டு கட்சி. ஒண்ணு சென்னையினின் நீலம், இன்னொண்ணு கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள். 1956 வரைக்கும் திருவிதாங்கூரில் இருந்த ஊர் இது. திருவனந்தபுரம் பக்கம், சென்னைக்கோ ஒரு ராத்திரி முழுக்க ரயில். அதனால மஞ்சள் ஜெர்சி போட்டவனை இங்கே யாரும் துரோகின்னு சொல்றதில்லை. சண்டை மட்டும் போடுவாங்க.

இந்த சீசன் சண்டை கொஞ்சம் வேற மாதிரி. 'யாரு கோல் போடுவா'ங்கிறது இல்லை, 'யாரைக் கழட்டி விடலாம்'ங்கிறதுதான் பேச்சு. காரணம் தெரிஞ்சதுதான். 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்ட்டில் பெங்களூரு எஃப்.சி தன் முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் உட்பட வேறு சில கிளப்களும் அதே வழியில் போயின. கடைசியில் 2026 ஜனவரி 6-ம் தேதி மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா அறிவிச்சார்: பிப்ரவரி 14-ல் தொடக்கம், 14 அணிகள், 91 மேட்ச். அதாவது ஒரு அணிக்கு 13 மேட்ச்தான். போன சீசனில் 24.

"மக்கா, 13 மேட்ச்சுக்கு எதுக்குடே எட்டு டிஃபெண்டர்? ஆறு போதும். மிச்சக் காசுக்கு ஒரு ஸ்ட்ரைக்கர் எடு."

"நாலு மஞ்சக் கார்டு வாங்கினா ஒரு மேட்ச் வெளியே. அப்போ ஆரு எறங்குவா, நீயா?"

முதல் ஆள் சொல்றது முட்டாள்தனம் இல்லை. வருமானம் இல்லாத கிளப் செலவைக் குறைக்கத்தான் பார்க்கும். ஆனா, முன்னணியில் ஒருத்தர் குறைஞ்சா வேற ஒருத்தரை வெச்சு ஒப்பேத்தலாம். பின்னால நாலு பேரும் ஒரே கோட்டில் நிக்கணும். அதுல ஒருத்தன் ஒரு அடி பின்தங்கினாலே ஆஃப்சைடு போச்சு, எதிரணி ஸ்ட்ரைக்கர் கோல் முன்னாடி தனியா நிப்பார். அந்த இடத்துக்கு அவசரத்துக்கு ஆள் பிடிக்க முடியாது.

இதுக்கு உதாரணம் நம்ம மாவட்டத்திலேயே இருக்கு. இரவிபுத்தன்துறைக்காரர் மைக்கேல் சூசைராஜ். 2020 மார்ச்சில் சென்னையினை 3-1னு வீழ்த்திக் கோப்பை எடுத்த ஏ.டி.கே அணியில் இருந்தவர். (அன்னைக்கு நீலக் கட்சிக்காரங்க சிரிக்கிறதா அழறதான்னு தெரியாம இருந்திருப்பாங்க.) அதே வருஷம் நவம்பர் 20, சீசனின் முதல் மேட்ச், கோவாவில் ஆளில்லாத ஸ்டேடியம். ஏ.டி.கே மோகன் பகானுக்காக பிளாஸ்டர்ஸுக்கு எதிரா இடதுபக்கம் விளையாடிட்டிருந்த சூசைராஜ், கால் மணி நேரம்கூட ஆகலை, முழங்கால் காயத்தோட வெளியேறினார். சீசனே முடிஞ்சுபோச்சு. பெஞ்ச்சிலிருந்து வந்தவர் சுபாஷிஷ் போஸ். மோகன் பகான் 1-0னு ஜெயிச்சது, இறுதிப்போட்டி வரைக்கும் போச்சு. பின்னாளில் அதே சுபாஷிஷ் கேப்டனாகி, 2024-25ல் ஷீல்டு, கோப்பை ரெண்டையும் தூக்கினார். நம்ம ஊர்ப் பையனுக்கு அது எவ்வளவு பெரிய இழப்புங்கிறது தனிக்கதை. அதை நினைச்சா இப்பவும் மனசு கனக்குது. ஆனா அன்னைக்கு பெஞ்ச்சில் ஒரு நல்ல டிஃபெண்டரை உட்கார வெச்சது வீண் செலவா?

சென்னையின் ரசிகர்களுக்கு இது புரியாம இல்லை. 2018 மார்ச் 17-ல் பெங்களூருவை 3-2னு ஜெயிச்ச இறுதிப்போட்டியில் ரெண்டு கோல் அடிச்சது சென்டர் பேக் மெய்ல்சன் ஆல்வெஸ். அதே அணி 2024-25ல் 13-ல் 11-வது இடம். அந்த சீசன் நடுவில், 2025 ஜனவரியில், 21 வயசு பிகாஷ் யும்னம் பிளாஸ்டர்ஸுக்குப் போக, 31 வயசு பிரீதம் கோடால் சென்னைக்கு வந்தார். டீக்கடையில் இன்னும் தீராத வழக்கு அது. அனுபவம் வேணும்தான், ஆனா வளர்ற சென்டர் பேக்கை விட்டது தப்புங்கிறதுதான் என் கட்சி. 2025 அக்டோபர் சூப்பர் கப்பில் வெளிநாட்டு வீரர்களே இல்லாம போன சென்னையின், மோகன் பகானிடம் 0-2, ஈஸ்ட் பெங்காலிடம் 0-4. ஆழமில்லாத அணி எப்படி இருக்கும்னு அந்த ஒரு வாரம் காட்டிருச்சு.

நம்ம பக்கத்துப் பசங்களை இந்த வெட்டு இன்னும் கொஞ்சம் ஆழமா பாதிக்கும். இங்கே பலரும் ஆடி வளர்றது செவன்ஸ். சின்ன கிரவுண்டு, ஏழு பேர், பெரும்பாலும் ஆஃப்சைடே கிடையாது. பந்தைக் காலோட ஒட்டி வெச்சுக்கிட்டு ஓடுற விங்கர் அதுல உருவாவான். கோடு பிடிச்சு நிக்கிற சென்டர் பேக் உருவாக மாட்டான். ஆஃப்சைடே இல்லாத ஆட்டத்தில் கோடு எதுக்கு? அதை அவன் கத்துக்கிறது பிறகுதான், ஒரு கிளப்பில் ஏழாவது, எட்டாவது டிஃபெண்டரா ரெண்டு சீசன் பெஞ்ச்சில் உட்கார்ந்து, தினமும் சீனியர்கள்கூட டிரெய்னிங் எடுத்து. இப்போ கிளப்கள் முதலில் வெட்டுறது அந்த இடத்தைத்தான்.

இதைச் சொன்னப்போ, 'ஆறு போதும்'னு சொன்ன நீலக் கட்சிக்காரன் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "சரி மக்கா, ஏழு வெச்சுக்கலாம்"னான்.