அழுகிய காயில் அடுத்த பந்தல்

டெல்லி காய்கறிக் கடையில் சீதாபல் கேட்டால் பரங்கிக்காயைத்தான் நிறுத்துத் தருவார்கள். பெயர் எதுவானாலும், மழைக்காலத்தில் காம்படியில் இளகி நாற்றமெடுத்தால் அது போகுமிடம் குப்பைத்தொட்டிதான். அதற்குமுன் ஒருமுறை வெட்டிப் பார்க்கலாம்.

சதை கொழகொழத்திருந்தாலும் விதை பருத்துக் கெட்டியாக இருந்தால் விதைக்க உதவும். முளைவிட்டதும் கறுத்ததும் சப்பையானதும் வேண்டாம். நாரை நீக்கி, நன்றாக அலசி, தட்டில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். காகிதம் என்றால் ஒட்டிக்கொள்ளும். இரண்டு வாரத்தில் விதை வளையாமல் ஒடியும். அதுதான் பதம். பாட்டிலில் இறுக மூடி வைத்தால் மூன்று, நான்கு ஆண்டுகள் தாங்கும்.

அழுகிய காயின் விதை நடுவதற்கு மட்டுமே, வறுத்துத் தின்ன அல்ல. தாய்க்காயின் ருசி திரும்பும் என்ற உறுதியும் இல்லை. பரங்கியில் ஆண் பூ, பெண் பூ தனித்தனி. மகரந்தத்தைத் தேனீ எந்தத் தோட்டத்திலிருந்தும் கொண்டு வந்திருக்கலாம். வீரிய ஒட்டு ரகமென்றால் மாறுதல் இன்னும் அதிகம். விளையும் காய் கசந்தால் சமைக்கவே கூடாது.

விதைக்குமுன் பத்து விதைகளை ஈரத்துணியில் முடிந்து வைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் பதில் கிடைக்கும். ஏழு முளைத்தால், காய்க்குக் கொடுத்த காசு வீண் போகவில்லை.