நோயைத் தடுக்க மாத்திரை தின்றார்கள்! நடந்தது என்ன?

காரட் நல்லது. கீரை நல்லது. பப்பாளிப் பழம் நல்லது. இது எல்லோருக்கும் தெரியும்.

அப்படியானால், காரட்டில் உள்ள நல்ல சத்தை மட்டும் தனியாகப் பிரித்து, மாத்திரை ஆக்கித் தின்றால் இன்னும் நல்லதுதானே?

நியாயமான கேள்விதான். பெரிய பெரிய விஞ்ஞானிகளும் இப்படித்தான் நினைத்தார்கள். ஆயிரக் கணக்கானவர்களுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள்.

முடிவைக் கண்டு மருத்துவ உலகம் திடுக்கிட்டது!

இன்று கடைகளில் இத்தகைய சத்து மாத்திரைகள் குவிந்து கிடக்கின்றன. "இளமை தரும்", "நோயை விரட்டும்" என்று விளம்பரம் செய்கிறார்கள். ஆகவே, அந்தக் கதையை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

உடம்புக்குள் தீப்பொறி

வாழைக்காயை நறுக்கி வைத்தால், சற்று நேரத்தில் கறுத்துப் போகிறது. இரும்பை மழையில் போட்டால் துருப் பிடிக்கிறது. காற்றில் உள்ள பிராண வாயுவுக்கு (ஆக்சிஜன்) இந்த இரண்டிலும் பங்கு உண்டு.

நம் உடம்பிலும் இதைப் போன்ற காரியம் ஓயாமல் நடக்கிறது. தின்ற சோற்றைப் பிராண வாயுவின் துணையோடுதான் உடம்பு சக்தியாக மாற்றுகிறது. அப்பொழுது சில துடுக்கான துகள்கள் உண்டாகின்றன. அடுப்பு எரியும்போது பொறி பறக்கிறது அல்லவா? அதைப் போல!

இந்தப் பொறிகள், பக்கத்தில் உள்ள உயிர் அணுக்களைக் கெடுக்கும். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் உடம்பில் இவை அதிகம்.

பொறியை அணைக்கும் சத்துகளும் உண்டு. வைட்டமின் "சி", வைட்டமின் "ஈ" ஆகியவை அப்படிப்பட்டவை. காரட்டுக்கு நிறம் கொடுக்கும் "பீட்டா கரோட்டின்" என்ற சத்தும் இந்த வகையைச் சேர்ந்தது. இவற்றுக்கு "ஆன்டி ஆக்சிடென்ட்" என்று பெயர்.

காய்கறியும் பழமும் நிறையத் தின்பவர்களுக்குப் புற்று நோய் குறைவாக வருகிறது என்று பல கணக்குகள் காட்டின. அதற்குப் பீட்டா கரோட்டின்தான் காரணமோ?

1981-ம் ஆண்டில் ரிச்சர்டு பீட்டோ என்ற இங்கிலாந்து நாட்டு அறிஞரும் அவருடைய தோழர்களும் இந்தக் கேள்வியை எழுப்பினார்கள். "சோதித்துப் பார்க்க வேண்டும்" என்றார்கள்.

29 ஆயிரம் பேர்!

வட ஐரோப்பாவில் உள்ள குளிர் நாடு பின்லாந்து. அங்கே 1985-ல் சோதனை தொடங்கியது. அமெரிக்கப் புற்று நோய் ஆராய்ச்சிக் கழகமும் இதில் சேர்ந்துகொண்டது.

சோதனைக்கு வந்தவர்கள் 29,133 பேர். எல்லோரும் ஆண்கள். வயது 50 முதல் 69 வரை. எல்லோரும் சிகரெட் பிடிப்பவர்கள்! நுரையீரல் புற்று நோய் வரக்கூடிய ஆபத்து இவர்களுக்குத்தானே அதிகம்?

அவர்களை நான்கு கூட்டமாகப் பிரித்தார்கள். முதல் கூட்டத்துக்குப் பீட்டா கரோட்டின். இரண்டாம் கூட்டத்துக்கு வைட்டமின் "ஈ". மூன்றாம் கூட்டத்துக்கு இரண்டும். நான்காம் கூட்டத்துக்குச் சத்து எதுவும் இல்லாத வெறும் மாத்திரை.

யாருக்கு எந்த மாத்திரை என்பது, தின்றவர்களுக்கும் தெரியாது. கொடுத்த டாக்டர்களுக்கும் தெரியாது.

ஏன் இந்த ரகசியம்? "நான் நல்ல மருந்து சாப்பிடுகிறேன்" என்று தெரிந்தால், பாதி நோய் போய்விட்டது போலத் தோன்றும். டாக்டருக்குத் தெரிந்தால், அவர் கண்ணுக்கும் நல்லதே படும். உண்மை மறைந்துவிடும்.

ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை, தினமும் மாத்திரை தின்றார்கள். 1994-ல் முடிவு வெளியாயிற்று.

தலைகீழ் முடிவு

பீட்டா கரோட்டின் தின்றவர்கள் ஒரு பாதி. தின்னாதவர்கள் ஒரு பாதி. தின்னாதவர்களில் 402 பேருக்கு நுரையீரல் புற்று நோய் வந்தது.

தின்றவர்களில் எத்தனை பேருக்கு? 300? 200? இல்லை! 474 பேருக்கு!

நோய் குறையவில்லை, நூற்றுக்கு 18 பங்கு கூடிவிட்டது. சாவும் நூற்றுக்கு 8 பங்கு கூடுதல்.

அந்த மனிதர்களை நினைத்துப் பாருங்கள். "சிகரெட்டை விட முடியவில்லை, இந்த மாத்திரையாவது காப்பாற்றட்டும்" என்று அவர்களில் எத்தனை பேர் நம்பி இருப்பார்கள்!

"தற்செயலாக நடந்திருக்கும்" என்று சிலர் சொன்னார்கள். ஆனால், அமெரிக்காவில் அதே காலத்தில் வேறு ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. 18,314 பேர். சிகரெட் பிடிப்பவர்கள், பிடித்து விட்டவர்கள், கல்நார் தூசியில் வேலை செய்தவர்கள். அவர்களில் பாதிப் பேருக்குப் பீட்டா கரோட்டினும் வைட்டமின் "ஏ"யும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

அங்கும் அதே கதை! மாத்திரை தின்றவர்களுக்கு நுரையீரல் புற்று நோய் நூற்றுக்கு 28 பங்கு அதிகம். 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்பே, "மாத்திரையை நிறுத்துங்கள்" என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்றாவதாக, 22,071 அமெரிக்க டாக்டர்களே தங்கள் மீது சோதனை செய்துகொள்ள முன்வந்தார்கள். சிகரெட் பிடிப்பவர்கள் அவர்களில் குறைவு. பாதிப் பேர் சுமார் 12 ஆண்டுகள் பீட்டா கரோட்டின் தின்றார்கள். கெடுதல் இல்லை, ஆனால், நன்மையும் இல்லை!

வைட்டமின் "ஈ" கதை

பின்லாந்தில் வைட்டமின் "ஈ" தின்றவர்களுக்கு நுரையீரல் புற்று நோய் குறையவில்லை. ஆனால், ஆண்களுக்கு வரும் "புராஸ்டேட்" சுரப்பிப் புற்று நோய் குறைவாக இருந்தது.

"ஆகா!" என்று மகிழ்ந்தார்கள். அதை உறுதி செய்ய, 2001-ல் அமெரிக்காவில் வேறு ஒரு பெரிய சோதனையைத் தொடங்கினார்கள். 35 ஆயிரத்துக்கும் அதிகமான ஆண்கள் சேர்ந்தார்கள்.

பலன் தெரியாததால், 2008-ல் மாத்திரையை நிறுத்தினார்கள். 2011-ல் கணக்குப் பார்த்தார்கள். வைட்டமின் "ஈ" தின்றவர்களுக்கு அந்தப் புற்று நோய் நூற்றுக்கு 17 பங்கு அதிகம்!

காரணம் என்ன?

காரட் நல்லது. அதன் சத்து கெட்டதா? இது எப்படி?

முதல் காரணம்: காய்கறி நிறையத் தின்பவர்கள், மற்றக் காரியங்களிலும் ஒழுங்காக இருப்பது உண்டு. சிகரெட் குறைவு, உடம்பு உழைப்பு அதிகம். அந்த நன்மைக்கெல்லாம் சேர்த்துக் காரட்டுச் சத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டது!

இரண்டாவது: காரட்டில் ஒரு சத்து மட்டும் இல்லை. நூற்றுக் கணக்கான பொருள்கள் சேர்ந்து இருக்கின்றன. நாரும் இருக்கிறது. அதில் ஒன்றை மட்டும் பிரித்து, உணவில் கிடைப்பதைப் போலப் பல மடங்கு தின்றால், அது காரட் தின்றது ஆகாது.

மூன்றாவது: பொறி எல்லாமே பகை அல்ல. உள்ளே நுழையும் கிருமிகளைக் கொல்ல, உடம்பே அந்தப் பொறிகளை ஆயுதமாக உபயோகிக்கிறது. அடுப்பை ஒரேயடியாக அணைத்தால் சோறு எப்படி வேகும்?

நான்காவது: புகை நிறைந்த நுரையீரலில், பீட்டா கரோட்டினே சிதைந்து, கெடுதல் செய்யும் பொருளாக மாறுகிறது என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

ஓர் ஆறுதல். பின்லாந்தில் மாத்திரையை நிறுத்திய சில ஆண்டுகளில், அந்தக் கூடுதல் ஆபத்து மறைந்துவிட்டது.

யாருக்கு நன்மை?

"அப்படியானால் சத்து மாத்திரை எல்லாமே வீணா?" என்று கேட்பீர்கள். இல்லை.

சீனாவில் லின்சியன் என்ற ஊர்ப்புறம் உண்டு. அங்கே ஏழை மக்கள் பலருக்கு உணவில் போதிய சத்து இல்லை. அவர்களுக்குப் பீட்டா கரோட்டின், வைட்டமின் "ஈ", செலினியம் ஆகிய மூன்றையும் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுத்தார்கள். புற்று நோய்ச் சாவு நூற்றுக்கு 13 பங்கு குறைந்தது. இது 1993-ல் வந்த முடிவு.

சத்துக் குறைவு உள்ளவனுக்கு அது மருந்து. குறைவு இல்லாதவனுக்கு அதுவே சுமை. வறண்ட வயலுக்குத் தண்ணீர் விட்டால் பயிர் பிழைக்கும். நிறைந்த வயலுக்கு விட்டால் பயிர் அழுகும்!

ஆகவே, கர்ப்பிணிகளுக்கு டாக்டர் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையையோ, குழந்தைகளுக்குச் சுகாதார நிலையத்தில் கொடுக்கும் வைட்டமின் "ஏ" மருந்தையோ நிறுத்திவிடாதீர்கள். அவை வேறு, விளம்பரத்தைப் பார்த்து நாமே வாங்கித் தின்பது வேறு.

2022-ல் அமெரிக்க நோய்த் தடுப்பு நிபுணர் குழு தெளிவாகச் சொல்லிவிட்டது: புற்று நோயையும் இருதய நோயையும் தடுப்பதற்காகப் பீட்டா கரோட்டினும் வைட்டமின் "ஈ"யும் தின்ன வேண்டாம் என்று.

மாத்திரை வாங்கப் போகிறீர்களா? "என் உடம்பில் இந்தச் சத்து குறைவாக இருக்கிறதா?" என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள். புகை பிடிப்பவராக இருந்தால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பின்லாந்தில் சோதனைக்கு வந்தவர்களுக்கு ஆபத்து எங்கே இருந்து வந்தது? சிகரெட்டில் இருந்து! அதை விட்டவர்களுக்கு ஆபத்து குறையும். அந்த வேலையைச் செய்யும் மாத்திரை எந்தக் கடையிலும் இல்லை.

சிகரெட் காசை மிச்சம் பிடியுங்கள். அந்தக் காசுக்குக் கீரையும் காரட்டும் வாங்குங்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்!