தேடியும் காணாத முகங்கள்

எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையைக் கடந்து, பிறர் துணையின்றித் தானே ஒரு நூலை முழுவதும் படித்து முடிக்கும் நாள் ஒரு குழந்தையின் வாழ்வில் ஒரு திருநாள். அமெரிக்காவில் அந்தப் பருவத்திற்கென்றே தனியொரு நூல்வகை உண்டு. ஏறத்தாழ ஆறு முதல் ஒன்பது வயது வரையுள்ள சிறாருக்காக, பெரிய எழுத்தில், சின்னஞ்சிறு அத்தியாயங்களாக, இடையிடையே படங்களுடன் அவை வெளிவருகின்றன. பெரும்பாலும் ஒரே நாயகனோ நாயகியோ அடுத்தடுத்த நூல்களிலும் வருவதால், ஒன்றைப் படித்த குழந்தை மற்றொன்றையும் கேட்டு அடம்பிடிக்கிறது. வாசிப்புப் பழக்கம் வேரூன்றும் இடம் இதுவே. இந்த நூல்களில் வெள்ளையரல்லாத குழந்தையின் முகத்தைத் தேடும் பெற்றோர் நெடுங்காலமாகக் கேட்டு வரும் மறுமொழி, "அப்படிப்பட்ட நூல்கள் அதிகம் இல்லையே" என்பதாகும். இம்மறுமொழியை நாம் ஏற்பதற்கில்லை.

குறை புதியதன்று. 1965-ஆம் ஆண்டிலேயே நான்சி லாரிக் என்னும் அம்மையார் 'சாட்டர்டே ரிவியூ' இதழில் இதனை எழுதினார். நியூயார்க் மழலையர் பள்ளியொன்றில் படநூலைப் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி, இவர்கள் ஏன் எப்போதும் வெள்ளைக் குழந்தைகளாகவே இருக்கிறார்கள் என வினவியதை அவர் பதிவு செய்தார். 1962 முதல் 1964 வரை 63 பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 குழந்தை நூல்களுள், கறுப்பினத்தவர் ஒருவரேனும் இடம்பெற்றவை 349 மட்டுமே என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். இருபது ஆண்டுகள் கழித்து, 1985-இல், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் குழந்தை நூல் மையம் கணக்கெடுத்தது. அவ்வாண்டு வெளியான ஏறத்தாழ 2,500 நூல்களில் கறுப்பினப் படைப்பாளிகளுடையவை 18. அதே மையத்தின் 2018-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, முதன்மைப் பாத்திரங்களுள் வெள்ளையர் 50 விழுக்காடு. விலங்குகளும் பிறவும் 27 விழுக்காடு. கறுப்பினத்தவர், ஆசியர், இலத்தீன் அமெரிக்கர், பூர்வகுடியினர் அனைவரும் சேர்ந்து 23 விழுக்காடு. கரடிக்கும் முயலுக்கும் கிடைத்த இடம் இத்தனை இனத்துக் குழந்தைகளுக்கும் கிடைக்கவில்லை. அதன் பின்னர் நிலை சற்று மேம்பட்டுள்ளது. ஆயினும் பழைய சாக்குகள் ஓய்ந்தபாடில்லை.

"குழந்தைக்கு நிறம் ஏது? கதை எல்லாருக்கும் பொதுவானதுதானே?" என்பது முதல் சாக்கு. கேட்பதற்கு இனிமையான வாதம். ஆனால் கதை பொதுவானதென்றால், கறுப்பினச் சிறுவன் அட்டைப்படத்தில் இருக்கும் நூல் வெள்ளையர் வீட்டில் விற்காது என்று பதிப்பாளர் அஞ்சியது ஏன்? தன்னைப் போலில்லாத நாயகனோடு ஒன்றிப் படிக்கும் பெருந்தன்மையை எப்போதும் ஒரு சாராரின் பிள்ளைகளிடம் மட்டும் எதிர்பார்ப்பது நீதியாகுமா? நூல்கள் குழந்தைக்குத் தன்னைக் காட்டும் கண்ணாடியாகவும் பிறரைக் காட்டும் சாளரமாகவும் விளங்க வேண்டும் என்று ருடின் சிம்ஸ் பிஷப் என்னும் பேராசிரியை 1990-இல் எழுதினார். கண்ணாடி மட்டுமே பெற்ற குழந்தை தானே உலகின் நடுநாயகம் என்று நம்பி வளர்கிறது. சாளரம் மட்டுமே பெற்ற குழந்தையோ தனக்குக் கதையில் இடமில்லை என்று முடிவு செய்கிறது. இரண்டுமே கேடுதான்.

"நூல்கள் இருக்கின்றனவே! அடிமை முறை பற்றியும் உரிமைப் போராட்டம் பற்றியும் அடுக்கி வைத்திருக்கிறோமே!" என்பது இரண்டாம் சாக்கு. அவ்வரலாறு கற்பிக்கப்பட வேண்டியதே. ஆனால் ஏழு வயதுப் பிள்ளை தன் நிறத்தவரைத் துன்புறுவோராகவும் சான்றோராகவும் மட்டுமே காண வேண்டுமா? குறும்பு செய்யவும் பல் விழவும் தோழியோடு சண்டையிடவும் அதற்கு உரிமையில்லையா? 1981-இல் ஆன் கேமரன் எழுதிய 'ஜூலியன் சொல்லும் கதைகள்' நூலில், தந்தை செய்து வைத்த எலுமிச்சைப் புட்டிங்கை ஜூலியனும் தம்பியும் திருட்டுத்தனமாகத் தின்றுவிடுகிறார்கள். அவர்கள் கறுப்பினச் சிறுவர்கள். கதையோ புட்டிங்கைப் பற்றியது. இத்தகைய எளிய கதைகளே மிகுதியாகத் தேவை.

"தேடினோம், கிடைக்கவில்லை" என்பது மூன்றாம் சாக்கு. வாங்குவாரில்லை என்று பதிப்பாளர் அச்சிடுவதில்லை; அச்சில் இல்லை என்று நூலகர் வாங்குவதில்லை; அடுக்கில் இல்லாததால் பெற்றோர் கேட்பதில்லை. ஒருவர் மேல் ஒருவர் பழியைச் சுமத்தும் இச்சுழலில் குழந்தையின் படிக்கும் பருவம் கடந்துவிடுகிறது. ஆனால் நூல்கள் இருக்கவே செய்கின்றன. ஆப்பிரிக்காவில் பாட்டி, தாத்தா, அத்தை, மாமா சூழக் கூட்டுக் குடும்பத்தில் வளரும் 'அன்னா ஹைபிஸ்கஸ்' 2007-இல் பிரிட்டனில் பிறந்தாள். ஆண்கள் மட்டுமே அரிசி இடிக்கும் புத்தாண்டு வழக்கத்தை எதிர்த்துத் தானும் இடிப்பேன் என்னும் ஜப்பானிய வழிவந்த 'ஜாஸ்மின் டொகுச்சி' 2017-இல் வந்தாள். பாகிஸ்தானிய அமெரிக்கக் குடும்பத்துச் சிறுமி 'யாஸ்மின்' 2018-இல் வந்தாள். கறுப்பினச் சிறுமியர் நாயகியராக வரும் ஆயிரம் நூல்களைத் திரட்டும் இயக்கத்தை நியூஜெர்சிப் பள்ளி மாணவி மார்லி டயஸ் 2015-இல் தொடங்கி, அந்த இலக்கையும் தாண்டினார். ஒரு மாணவியால் இயன்றது, நூல் திரட்டுவதையே தொழிலாகக் கொண்டோர்க்கு இயலாதா?

அதனினும் கொடுமை, வந்த நூல்களையும் அகற்றுவது. 2021 ஜூலை முதல் 2022 ஜூன் வரை அமெரிக்கப் பள்ளிகளில் தடைக்குள்ளான 1,648 நூல்களுள் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் வெள்ளையரல்லாதோர் முக்கியப் பாத்திரங்களாக இருந்தனர் என்று 'பென் அமெரிக்கா' அமைப்பு கணக்கிட்டது. இல்லை என்று கைவிரிப்பதும், இருப்பதை எடுத்து மறைப்பதும் ஒரே நாட்டில் நிகழ்கின்றன.

இதில் நமக்கென்ன என்று வாசகர் நினைக்கலாம். நம் இல்லங்களிலிருந்து அமெரிக்காவிலும் கனடாவிலும் குடியேறியோரின் பிள்ளைகளும் இந்த அடுக்குகளின் முன்னேதான் நிற்கிறார்கள். இந்திய நகரமொன்றின் நடைபாதையில் இலவசமாக நூல் கொடுக்கும் பெரியவருக்காக ஒரு சிறுமி போராடுவதை உமா கிருஷ்ணசுவாமி 'புக் அங்கிள் அண்ட் மீ' நூலில் எழுதியுள்ளார். அங்குள்ள நம் உறவினருள் எத்தனை பேர் அதை வாங்கியிருக்கிறார்கள்? பிறந்தநாளுக்கு விலையுயர்ந்த விளையாட்டுப் பொருள் வாங்கும் கைகள் இத்தகைய நூல்களையும் வாங்கட்டும். நூலகத்தில் இல்லையெனில் வாங்கி வைக்கும்படி எழுதிக் கேட்கட்டும். பக்கத்து வீட்டு வெள்ளைக் குழந்தைக்கும் அதையே பரிசளிக்கட்டும். நியூயார்க் சிறுமியின் வினாவுக்கு அறுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. இனியும் அதைக் கேட்க வேண்டிய நிலையில் மற்றொரு குழந்தையை நாம் விட்டுவைக்கலாகாது.