பேர் போடாத நாள்

உலகில் 2023ஆம் ஆண்டு காசநோய்க்கு ஆளான ஒரு கோடியே எட்டு லட்சம் பேரில் 55 சதவீதத்தினர் வயதுவந்த ஆண்கள். வயதுவந்த பெண்கள் 33 சதவீதமே. இலங்கையிலும் ஆண்களே அதிகம். இங்கே மருந்து இலவசம், சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரியிலும் கேகாலையிலும் மார்பு நோய் சிகிச்சை நிலையங்கள் உண்டு. ஆம்பிளைகளுக்குத்தான் அக்கறையில்லை என்று சொல்லிவிடுவது எளிது. சப்ரகமுவ தோட்டங்களின் காலைப்பொழுதை அறிந்தவர் அப்படிச் சொல்லமாட்டார். வெயில் ஏறினால் இறப்பர் பால் சரியாக ஓடாது. வெட்டுகிறவர் விடியலிலேயே மலையில் நிற்கவேண்டும். கிளினிக்கும் பெரும்பாலும் காலையில்தான். போனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளப் பதிவு, போகும், பஸ் காசு வேறு. இருமல் இரண்டு வாரம் தாண்டியும் டிஸ்பென்சரிப் பாணியோடு நாளைக் கடத்துவது இந்தக் கணக்கால்தான். ஆறு மாதச் சிகிச்சையைத் தொடங்கினாலும் இரண்டு மாதத்தில் உடம்பு தேறிவிடும்; மீதி நான்கு மாதம் எதற்கு என்று தோன்றுவது அப்போதுதான்.

ஆகவே மாத்திரையைத் தோட்ட டிஸ்பென்சரியிலேயே, வேலை முடிகிற நேரத்தில் கொடுக்கவேண்டும். கிளினிக் நாளுக்குப் பேர் போடவேண்டும். குடிகாரருக்கு இதெல்லாம் வீண் என்பார்கள். குடியும் இந்த மருந்தும் சேர்ந்தால் ஈரலுக்கு ஆகாது. அவரைத் தினமும் ஒருவர் பார்க்கவேண்டிய காரணமே அதுதான். லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், விஷயம் பரவிவிடும் என்ற அச்சம் இதைவிட நியாயமானது. அதனால்தான் காலையில் தொழிலாளர் கூடும் பிரட்டுக்களத்தில் எல்லோர் முன்னும் மாத்திரை நீட்டக் கூடாது. செலவை யார் ஏற்பது? தோட்டக் கம்பனியும் சுகாதார அமைச்சும் பங்கிட்டுக்கொள்ளலாம். ஒரே லயத்தில் நாலு பேர் படுத்தால் இரு தரப்புக்கும் அதைவிடக் கூடுதலாகச் செலவாகும்.