23 நிமிடங்களின் கணக்கு

முதல் உலகப்போருக்குப் பின், 1919ஆம் ஆண்டு வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனி டாங்கி வைத்திருக்கக் கூடாது என்றது. அந்நாட்டுப் படையினர் கார்களின் மேல் அட்டையும் துணியும் போர்த்தி, அவற்றையே டாங்கியாகப் பாவித்துப் பழகினார்கள். அணி கலையாமல் நகரவும், செய்தியை நேரத்துக்குச் சொல்லவும் அந்தப் பொம்மை வண்டிகள் போதுமானவையாக இருந்தன.

அமெரிக்காவின் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான தார்பா 1983இல் தொடங்கிய சிம்நெட் என்ற பாவனைப் பயிற்சித் திட்டமும் இந்த வழியில் வந்ததுதான். டாங்கியின் ஒவ்வொரு திருகையும் அது நகலெடுக்கவில்லை. நான்கு பேர் கொண்ட குழு ஒரு பெட்டிக்குள் அமரும். வலையமைப்பில் இணைந்த மற்றப் பெட்டிகளில் உள்ளவர்களோடு ஒரே திரைநிலத்தில் மோதும். தனியாள் குறிபார்ப்பதைவிட, குழுவாக முடிவெடுக்கப் பழகுவதே அங்கே முக்கியம்.

1991 பிப்ரவரி 26, வளைகுடாப் போர், இராக் பாலைவனம். மணற்புயலுக்கு நடுவே அமெரிக்கக் கேப்டன் மெக்மாஸ்டரின் 9 டாங்கிகள் இராக்கின் குடியரசுக் காவல்படையின் நிலைகளுக்குள் புகுந்தன. 23 நிமிடங்களில் எதிரியின் அரண் உடைந்தது. ‘73 ஈஸ்டிங்’ என்று பெயர்பெற்ற அந்தச் சண்டையைச் சிம்நெட் போன்ற பெட்டிப் பயிற்சியின் வெற்றி என்று பலர் கொண்டாடினார்கள். ஆனால் மெக்மாஸ்டரின் படையிடம் வெப்பக் காட்சிக் கருவியும் இருந்தது. மொஹாவி பாலைவனத்தில் ஃபோர்ட் இர்வினில் அமெரிக்கப் படைகள் மெய்யான வண்டிகளோடு பெற்ற பயிற்சியும் இருந்தது. பெட்டிக்கு மட்டும் மாலை போடுவது எப்படி நியாயமாகும்?

நான் மதிப்பது, அதன்பின் நடந்த வேலையைத்தான். அமெரிக்கர்கள் சண்டையில் இருந்தவர்களைக் கேட்டறிந்து, தடங்களை அளந்து, அந்தப் போரையே கணினிக்குள் மீண்டும் கட்டினார்கள். ஸ்டீபன் பிடில் என்ற ஆய்வாளர், அந்தப் போரைக் கணினியில் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்த முடிவுகளை 1996இல் எழுதினார். இராக்கியர் செய்த தவறுகளை நீக்கிவிட்டு ஓட்டியபோது அமெரிக்க இழப்பு வெகுவாக ஏறியது. வென்றவன் தன் வெற்றியையே குறுக்கு விசாரணை செய்ய உதவியதே பாவனைக் களத்தின் பெரிய பயன் என்பேன்.

இன்று சிமுலேட்டரை மதிப்பிடுகிறவர்கள் மிச்சமான டீசலையும், பெட்டிக்குள் கழிந்த மணி நேரங்களையும் எண்ணுகிறார்கள். அது போதாது. புழுதியும் தூக்கமின்மையும் அறுந்துபோன சங்கிலியும் உள்ள திறந்த வெளியில் அதே குழுவை இறக்கி, திரையில் செய்த தவறை மறுபடி செய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

களத்தில் ஒரு தவறு என்ன செய்யும் என்பதற்கு 73 ஈஸ்டிங்கே சான்று. அங்கே இராக்கியர் டாங்கிகளைத் தரைக்குள் போதிய ஆழம் இறக்காமல், முன்னால் மணல்மேடு குவித்திருந்தார்கள். அந்த மேடுகளே அவர்கள் இருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தன.